வடசென்னையில் முதல் சொத்து வாங்குமுன் ஒரு வழிகாட்டியைத் தேடிக்கொள்வது எப்படி?

கையில் சில லட்சங்கள் சேமிப்பும் வங்கிக் கடன் பெறும் தகுதியும் உள்ள ஒருவர், வண்ணாரப்பேட்டையிலோ கொளத்தூரிலோ வாடகை வரும்படி ஒரு வீடு வாங்கலாம் என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், சில நாட்களிலேயே அவரைச் சுற்றி ஆலோசனை சொல்பவர்கள் கூடிவிடுவார்கள். புரோக்கர் வருவார், பில்டரின் விற்பனைப் பிரதிநிதி வருவார், கடன் வாங்கித் தரும் ஏஜென்ட் வருவார், ஓட்டல் அரங்கில் ஒருநாள் வகுப்பு நடத்துபவரின் அழைப்பும் வரும். இவர்களில் நேர்மையானவர்கள் பலர் உண்டு. ஆயினும் நீங்கள் பணத்தை வெளியே எடுத்தால்தான் இவர்கள் ஒவ்வொருவருக்கும் வருமானம் என்பதால், “இதை வாங்க வேண்டாம்” என்று சொல்ல இவர்களுக்குத் தூண்டுதல் எதுவும் இல்லை. புதியவருக்கு முதன்மையாகத் தேவைப்படுபவரோ, அந்த ‘வேண்டாம்’ என்ற சொல்லைத் தக்க சமயத்தில், காரணத்தோடு சொல்லக்கூடிய ஒருவர். அப்படிப்பட்டவரை வடசென்னையில் எங்கே தேடுவது, எவ்வாறு அணுகுவது, எவ்வாறு சோதித்து அறிவது, அவருடனான பழக்கத்தை எப்படி நடத்துவது என்பவற்றைக் கீழே வரிசையாகத் தருகிறேன்.

முதல் படி: உங்கள் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

யாரையும் பார்க்கப் போகுமுன் ஒரே ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதுங்கள். கையில் உள்ள பணம், மாதம் கட்டக்கூடிய கடன் தவணை, எத்தனை ஆண்டுகளுக்கு இந்தப் பணம் தேவைப்படாது என்பது, எந்த வகைச் சொத்து என்பது. கையில் உள்ள பணத்தைக் கணக்கிடும்போது பத்திரச் செலவை மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு (விற்பனைப் பத்திரத்துக்கு) பொதுவாக முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகின்றன. இந்த விகிதத்தில் 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இவை மட்டுமே 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் ஆகும். புரோக்கர் கமிஷன், வழக்கறிஞர் கட்டணம், பழைய வீடாக இருந்தால் பழுதுபார்க்கும் செலவு ஆகியவை இதற்கு மேல்.

வகையைத் தீர்மானிப்பது மிகவும் முக்கியம். ராயபுரத்தில் நான்கு போர்ஷன்கள் (தனித்தனியாக வாடகைக்கு விடும் பகுதிகள்) உள்ள பழைய வீடு, கொளத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு ஃபிளாட், புழல் பக்கத்தில் அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனை, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு அருகில் ஒரு சிறிய கடை ஆகிய நான்கும் நான்கு வேறு தொழில்கள் என்றே சொல்லலாம். மனை வாங்கி விற்பதில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவருக்குக் குடித்தனக்காரர்களை வைத்துப் பராமரிக்கும் கலை தெரியாமல் இருக்கலாம். எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாகாமல் வழிகாட்டியைத் தேடினால், நல்ல மனிதரே கிடைத்தாலும் நமக்குப் பொருந்தாதவராக அமைந்துவிடுவார்.

இரண்டாம் படி: ஆவணங்களை வாசிக்கப் பழகுங்கள்

அனுபவசாலிகள் பொதுவாகப் பொறுமையானவர்கள். ஆனால் பட்டா (நிலம் யார் பெயரில் உள்ளது என்று காட்டும் வருவாய்த்துறை ஆவணம்) என்றால் என்ன, வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) என்றால் என்ன என்பதையும் அவர்களே சொல்லித்தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றின் விவரங்களைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம். வருவாய்த்துறையின் மின்சேவைத் தளத்தில் பட்டா விவரங்களையும் நகர நில அளவைப் பதிவேட்டையும் பார்க்கலாம். உங்கள் குடும்பத்துக்கோ நெருங்கிய உறவினருக்கோ சொந்தமான ஒரு வீட்டின் பத்திரங்களைக் கேட்டு வாங்கி, மூலப் பத்திரம் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை கை மாறிய வரிசையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எங்கே ஒரு விடுதலைப் பத்திரம் (பங்குதாரர் தம் பங்கை விட்டுக்கொடுப்பது) வருகிறது, எங்கே செட்டில்மெண்ட் (குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக்கொடுப்பது) வருகிறது, எந்த அடமானம் அடைக்கப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்று நீங்களே கண்டுபிடித்த பிறகு, வழிகாட்டியிடம் நீங்கள் கேட்கும் கேள்விகளின் தரமே மாறிவிடும்.

மூன்றாம் படி: அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அறிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியில் நான் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் சொத்து முதலீட்டைப் பற்றிப் பொதுவாகப் பேசுபவர்கள் ஏராளமாக இருக்க, வடசென்னையின் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய தனிச் சிக்கலை அறிந்தவர்களே உண்மையில் பயன்படுகிறார்கள்.

ஜார்ஜ் டவுன், ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை போன்ற பழம்பகுதிகளில் தலைமுறைகளாகக் கைமாறாத வீடுகள் உள்ளன. அங்கே எழும் முதல் கேள்வி, வாரிசுகள் அனைவரும் கையெழுத்திடுகிறார்களா என்பதாகும். இந்து வாரிசுரிமையில் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே மகள்களுக்குப் பரம்பரைச் சொத்தில் பங்கு அளித்தது. 2005இல் மத்தியச் சட்டம் அதை நாடெங்கும் விரிவாக்கியது. திருமணமாகி வெளியூரில் இருக்கும் சகோதரி ஒருவரின் கையெழுத்து விடுபட்டிருந்தால், வாங்கியவர் பல ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு நடக்க நேரிடலாம். இதே பகுதிகளில் மனை கோவிலுக்கோ அறக்கட்டளைக்கோ வக்புக்கோ (இஸ்லாமிய அறநிலையத்துக்கோ) உரியதாக இருந்து, மேலே உள்ள கட்டிடம் மட்டும் விற்பனைக்கு வருவதும் உண்டு. விலை கவர்ச்சியாகக் குறைவாக இருக்கும்போது, மனை யாருடையது என்று முதலில் கேட்பவரே நல்ல வழிகாட்டி.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை ஆகிய இடங்களில் வாரியக் குடியிருப்புகள் பல உள்ளன. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பின் ஒதுக்கீடுகள் இவை. ஒதுக்கீடு பெற்றவர் வாரியத்திடம் கிரயப் பத்திரம் பெறுமுன்பே முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்து வீட்டைக் கைமாற்றும் வழக்கத்தைச் சிலர் சாதாரணமாகப் பேசுவார்கள். அத்தகைய தாள் உரிமையைத் தராது.

மாதவரம், மணலி, புழல் பக்கம் போனால் சிக்கலின் தன்மை வேறாகிறது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய நகர நிலத்துக்கு வரம்பு விதித்த 1978ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1999இல் நீக்கப்பட்டுவிட்டாலும், அதற்கு முன் அரசு கையகப்படுத்திய நிலங்களைப் பற்றிய வழக்குகள் ஓய்ந்துவிடவில்லை. அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளில் 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் இருந்தவற்றுக்கே, பின்னர் அங்கீகாரம் தரும் வரன்முறைத் திட்டம் வழிசெய்தது. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் கட்டுமானக் கட்டுப்பாடுகள் உண்டு. காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தின் விதிகளையும் பார்க்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி புதுநகரிலும் எர்ணாவூரிலும் என்ன நடந்தது என்பதை, எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நீர் நின்றது என்ற அளவுக்குச் சொல்லக்கூடியவர் ஒருவர் உங்களுக்குப் பழக்கமானால், அவருடைய ஒரு மணி நேரப் பேச்சு எந்தக் கட்டண வகுப்பையும்விட மதிப்புள்ளது. அதேபோல, 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்ததற்கு முன்னும் பின்னும் திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்து வாடகைகளைக் கண்ணால் கண்டவர், மூலக்கடை, பெரம்பூர் வழியாக அடுத்த தடம் வருகிறது என்று சொல்லி விலை ஏற்றுபவரின் கூற்றை எடைபோட உதவுவார்.

இவை அனைத்தையும் ஒரே மனிதர் அறிந்திருப்பது அரிது. வாழ்ந்து பழகிய அனுபவத்தைத் தரும் வழிகாட்டி ஒருவர், கட்டணம் பெற்றுக்கொண்டு வேலை செய்யும் வழக்கறிஞர் ஒருவர், கட்டிடத்தைப் பார்க்கத் தெரிந்த பொறியாளர் ஒருவர் என மூவரைச் சேர்த்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து.

நான்காம் படி: தேட வேண்டிய இடங்கள்

மிக அருகிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் வாடகைக்குக் குடியிருப்பவர் என்றால் உங்கள் வீட்டு உரிமையாளரே முதல் ஆள். பதினைந்து, இருபது ஆண்டுகளாகக் குடித்தனக்காரர்களை வைத்து நடத்திய ஒருவருக்கு, வாடகை பாக்கி, மின்மீட்டர்த் தகராறு, குடிநீர்ப் பற்றாக்குறை, அரையாண்டுச் சொத்து வரி, லீஸ் பணத்தை (மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாகப் பெற்ற தொகையை) திருப்பிக் கொடுக்கும் நெருக்கடி ஆகிய எல்லாமே தெரியும். வடசென்னைத் தெருக்கள் பலவற்றில் வாடகை வசூல், ஆள் தேர்வு, பழுதுபார்ப்பு ஆகிய முழுப் பொறுப்பையும் அந்த வீட்டுப் பெண்களே ஏற்று நடத்துகிறார்கள். பத்திரம் கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இருக்கும். ஆகவே ‘ஓனர்’ என்று அறிமுகம் செய்யப்படுபவரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். முதலீடு செய்ய விரும்பும் பெண்களுக்கு இந்த அம்மாக்களைவிடச் சிறந்த ஆசிரியர்கள் கிடைப்பது கடினம்.

அடுத்து, துறைமுகம், ஐ.சி.எப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, மணலி ஆலைகள் போன்றவற்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களைப் பாருங்கள். சம்பளத்திலிருந்து சேமித்து ஒரு மனை, பிறகு ஒரு வீடு, பிறகு மாடிப் போர்ஷன் என்று படிப்படியாக வளர்ந்த இவர்களின் பாதை உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது. குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டங்களிலும் காலை நடைப்பயிற்சி செய்யும் பூங்காக்களிலும் இவர்களைச் சந்திக்கலாம். சௌகார்பேட்டை, தங்கசாலை வணிகர்களுக்குக் கடை வாடகையில் ஆழ்ந்த அறிவு உண்டு, ஆனால் அறிமுகம் இல்லாமல் அவர்கள் மனம் திறந்து பேசுவதில்லை.

வழக்கறிஞரைப் பொறுத்தவரை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெருக்களில் அலுவலகங்கள் நிறைந்திருக்கின்றன. உரிமையியல் வழக்குகளை நடத்துபவரைத் தேடுங்கள். சொத்துத் தகராறுகளை நீதிமன்றத்தில் கண்டவரின் பார்வை, பத்திரத்தை வாசித்து மட்டும் பழகியவரின் பார்வையிலிருந்து வேறுபடும். சர்ஃபாசி எனப்படும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கடனைத் திருப்பிக் கட்டாதவர்களிடமிருந்து எடுத்து வங்கிகள் ஏலம் விடும் சொத்துகளைப் பார்வையிட நாள் குறிக்கப்படுவது உண்டு. வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் அங்கே சென்று, யார் என்ன கேள்வி கேட்கிறார்கள் என்று கவனித்தால் அனுபவசாலிகளை அடையாளம் காணலாம்.

ஐந்தாம் படி: அணுகும் முறை

“எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா?” என்று முதல் சந்திப்பிலேயே கேட்பது, கேட்கப்பட்டவருக்குச் சங்கடத்தையே தரும். எவ்வளவு நேரம், எத்தனை மாதம், எதற்குப் பொறுப்பு என்று எதுவும் தெரியாத ஒரு சுமையை அவர் ஏன் ஏற்க வேண்டும்? அதற்குப் பதிலாக, விடை சொல்லக்கூடிய ஒரு சிறிய கேள்வியோடு செல்லுங்கள். அறிமுகம் உள்ளவர் ஒருவர் மூலம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவருக்கு வசதியான நேரத்தில் நேரில் போவது நல்லது.

தெருவில் பழகிய மூத்தவரிடம் இப்படித் தொடங்கலாம்: “அண்ணே, கொருக்குப்பேட்டைல ஒரு போர்ஷன் வீடு பாத்திருக்கேன். வாங்குறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல. வாடகை வீடுன்னா நீங்க மொதல்ல எதைப் பாப்பீங்கன்னு தெரிஞ்சிக்கணும். ஞாயித்துக்கிழமை காலைல ஒரு அரை மணி நேரம் வந்து பேசலாமா?” ஓய்வு பெற்ற அதிகாரியாகவோ முன்பின் பழகாத பெரியவராகவோ இருந்தால் ‘ஐயா’ அல்லது ‘சார்’ என்பதே பொருத்தம், பெண்களை வயதுக்கேற்ப அக்கா என்றோ அம்மா என்றோ அழைத்துப் பேசலாம். சொன்ன அரை மணி நேரம் முடிந்ததும் நீங்களாகவே எழுந்துவிடுங்கள்.

அவர் சொன்னபடி எதையாவது செய்துவிட்டு, பத்து நாட்களுக்குள் அதன் விளைவைத் திரும்பச் சென்று சொல்லுங்கள். நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இந்த இரண்டாவது சந்திப்பைத்தான். ஆலோசனை கேட்பவர்கள் அனுபவசாலிகளிடம் நிறையப் பேர் வருகிறார்கள். கேட்டதைச் செய்து முடித்து வந்து, “நீங்க சொன்ன மாதிரி வில்லங்கம் போட்டுப் பாத்தேன், ஒரு அடமானம் இன்னும் ரத்தாகாம இருக்கு” என்று சொல்பவர்கள் மிகச் சிலர். அவ்வாறு சொல்பவருக்கு அவர்கள் தாமாகவே அடுத்ததைச் சொல்லித் தருவார்கள்.

ஆறாம் படி: சோதித்து அறியுங்கள்

மரியாதை குறையாமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நீங்கள் வாங்காமல் விட்ட சொத்து எது, ஏன் விட்டீர்கள்? எந்தச் சொத்தில் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை? இன்று முதல்முறையாக வாங்குவதாக இருந்தால் எந்தப் பகுதியைத் தவிர்ப்பீர்கள்? உண்மையில் வாங்கி நடத்தியவர்களிடம் இவற்றுக்குத் தெருப் பெயரோடு விடை இருக்கும். எல்லாமே இலாபம் என்று சொல்பவர் இரண்டில் ஒன்று: வாங்கியதே இல்லை, அல்லது உங்களிடம் எதையோ விற்கப் போகிறார்.

பிறகு, நீங்கள் வாங்க எண்ணாத ஒரு வீட்டைப் பார்க்க அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். சாலை மட்டத்தைவிட வாசல் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, மொட்டை மாடித் தளத்தில் நீர்க்கசிவு உள்ளதா, எத்தனை மின்மீட்டர்கள் யார் பெயரில் உள்ளன, கழிவுநீர் இணைப்பு எங்கே போகிறது, பக்கத்துச் சுவர் பொதுச்சுவரா என்று அவர் கண்கள் தாமாகவே போகுமானால், நீங்கள் சரியான ஆளிடம் வந்திருக்கிறீர்கள்.

‘அந்த பில்டிங் என்னுடையது’ என்று பெருமையாகச் சொல்பவரின் கூற்றை, வில்லங்க விவரங்களைப் பார்த்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற கட்டுமானத் திட்டங்களில் விற்பனைக்கு இடைநிற்கும் முகவர், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி தாமும் பதிவு செய்திருக்க வேண்டும். அதைத் தமிழ்நாட்டு ஆணையத்தின் தளத்தில் பார்க்கலாம். புரோக்கரிடமிருந்து கற்றுக்கொள்வதில் தவறில்லை. அவர் தெருவாரியாக விலை அறிந்தவர். கமிஷன் பெறும் உறவாகவே அதை வைத்துக்கொண்டு, வாங்கலாமா என்ற தீர்ப்பை மட்டும் வேறிடத்தில் கேளுங்கள்.

ஏழாம் படி: விலகி வந்துவிட வேண்டிய அடையாளங்கள்

வழிகாட்டி உங்கள் பணத்தைக் கையில் வாங்கத் தொடங்கும் நாளில் அந்த உறவின் தன்மை மாறிவிடுகிறது. “பத்துப் பேர் சேர்ந்து ஒரு நிலம் வாங்குகிறோம், பணத்தை என்னிடம் கொடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறேன்” என்பது முதலீட்டுப் பயிற்சி ஆகாது. நிலத்தின் பெயரைச் சொல்லி வைப்புத்தொகை திரட்டும் வேலையாகவே அது பெரும்பாலும் முடியும். இத்தகைய திரட்டலைத் தடுக்கவே 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டமும், 2019ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டமும் உள்ளன.

“இப்போதைக்கு என் பெயரில் பதிவு செய்வோம்” என்றோ, “உன் பெயரில் நான் வாங்குகிறேன்” என்றோ சொன்னால், அது பினாமிச் சட்டத்துக்குள் கொண்டுபோய் விடக்கூடியது; 2016 திருத்தத்துக்குப் பிறகு சொத்துப் பறிமுதலோடு ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கும் அதில் இடம் உண்டு. கிரயம் செய்யாமல் பவர் பத்திரத்திலேயே முடித்துக்கொள்ளலாம் என்பவரின் பேச்சையும் ஏற்காதீர்கள்; பொது அதிகாரப் பத்திரத்தின் வழியாகச் சொத்தின் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரிலேயே தெளிவுபடுத்திவிட்டது. அட்வான்ஸ் தொகையை ரொக்கமாகக் கொடுக்கச் சொன்னால், அசையாச் சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்பதை நினைவூட்டுங்கள். பதிவு பெற்ற திட்டத்தில் பில்டர் ஒருவர், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பெறக் கூடாது.

பெருந்தொகை கேட்கும் பயிற்சி வகுப்புகளைப் பற்றி என் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: அதே தொகையில் நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் பல சொத்துகளுக்குச் சட்டக் கருத்துரை வாங்கிவிடலாம், ஒவ்வொன்றும் உங்களுக்குப் பாடமாகவும் அமையும்.

எட்டாம் படி: பழக்கத்தை நடத்துதல்

பெறுவது மட்டுமே உங்கள் பங்காக இருந்தால் எந்த உறவும் நீடிக்காது. மூத்த உரிமையாளர்கள் பலருக்கு இணையவழியில் சொத்து வரி கட்டுவதும், பட்டா பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிப்பதும், வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் தயாரித்து வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்வதும் சிரமமாக உள்ளன. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியதால், இந்த வேலையில் உதவுபவர் அவர்களுக்கு உண்மையாகவே தேவைப்படுகிறார். உதவும்போதே ஒப்பந்தம் எப்படி எழுதப்படுகிறது என்று நீங்கள் கற்றுக்கொள்கிறீர்கள். ஆனால் அவர்களுடைய கடவுச்சொல்லையோ அசல் பத்திரத்தையோ உங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாதம் ஒருமுறை சந்திப்பது போதுமானது. ஒவ்வொரு முறையும் நீங்கள் நேரில் பார்த்த இரண்டு சொத்துகளின் விலை, எதிர்பார்க்கும் வாடகை, கண்ட குறை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோய், உங்கள் முடிவை முதலில் சொல்லிவிட்டு அவருடைய முடிவைக் கேளுங்கள். நவம்பர், டிசம்பர் மழை நாட்களில் அதே தெருக்களுக்கு மறுபடி ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: வாங்கும் நேரம் வரும்போது

அவர் ‘சரி’ என்று சொன்ன சொத்துக்கும் தனியாகச் சட்டக் கருத்துரை பெறுங்கள். வழக்கறிஞர் உங்கள் செலவில், உங்கள் பெயரில் கருத்துரை தருபவராக இருக்க வேண்டும். விற்பவரின் வழக்கறிஞரோ புரோக்கர் அழைத்து வருபவரோ வேண்டாம். வழிகாட்டியும் வழக்கறிஞரும் மாறுபட்டால், பத்திரம் சார்ந்த விஷயத்தில் வழக்கறிஞரின் சொல்லையும், தெரு, வாடகை, குடித்தனம் சார்ந்த விஷயத்தில் வழிகாட்டியின் சொல்லையும் ஏற்பதே என் பரிந்துரை. வழிகாட்டி ‘வேண்டாம்’ என்று சொல்லியும் உங்கள் மனம் அந்த வீட்டிலேயே நின்றால், அவர் சொன்ன காரணத்தை ஒரு தாளில் எழுதி, அதற்கு எதிரே அந்தக் குறையை எவ்வளவு செலவில், எவ்வளவு நாளில் தீர்க்க முடியும் என்று எழுதிப் பாருங்கள். தாளின் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.